நகர ஏழைகள் மத்தியில் ஊழியம்: மேற்படிப்பில் சேருமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஏழைகள்மேல் எனக்குப் பாரம் இருக்கிறது" என்று எழுதாத விண்ணப்பமே நகர ஊழியம் பற்றிய முதுகலைப் படிப்புகளுக்கு வருவதில்லை. பாரம் இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் நகர வறுமையில் பாதிக்கு மேல் நிலத் தகராறு. குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா உண்டா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, காலி செய்யச் சொன்னால் எத்தனை நாள் அவகாசம், இடம் மாற்றினால் வேலைக்கு எப்படிப் போவது என்பதில்தான் அங்கே ஒரு குடும்பத்தின் வாழ்வும் தாழ்வும் இருக்கிறது. கிறிஸ்தவ வளர்ச்சிப் பணி, நகர்ப்புறத் தலைமைத்துவம் என்ற பெயர்களில் முதுகலைப் படிப்பு தேடும் நம் பிள்ளைகள் பலர் இதை யோசிக்காமலே கல்லூரியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். மற்றத் தவறுகளில் பாதி இங்கிருந்துதான் கிளைக்கிறது.

முதலில், எல்லாப் படிப்பும் ஒன்றுதான் என்று நினைப்பது. பெயர்கள் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே இரண்டு வகை உண்டு. ஒன்று நிர்வாகிகளை உருவாக்குவது. திட்டம் தீட்டுவது, பட்ஜெட் போடுவது, நன்கொடையாளருக்கு அறிக்கை எழுதுவது, நடந்த வேலையை மதிப்பிடுவது எல்லாம் இதில் வரும். பென்சில்வேனியாவின் ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் நடந்துவரும் சர்வதேச வளர்ச்சிப் படிப்பு இந்த வகையைச் சேர்ந்தது. மற்றது, மாணவரைக் குடிசைப் பகுதியிலேயே குடியேறச் சொல்வது. நியூசிலாந்துக்காரரான விவ் கிரிக் 1970களின் பிற்பகுதியில் மணிலாவின் டாடலோன் குடிசைப் பகுதியில் வாடகைக்கு இடம் பிடித்துத் தங்கினார். அந்த அனுபவத்திலிருந்து வளர்ந்த முதுகலைப் படிப்பு பிறகு கலிஃபோர்னியாவின் அசூசா பசிபிக் பல்கலைக்கழகத்திலும் மணிலாவின் ஏசியன் தியலாஜிக்கல் செமினரியிலும் நடந்தது. வட்டார மொழி, ஆரம்ப சுகாதாரம், ஏழைகளின் பொருளாதாரம், நில உரிமை எல்லாம் அதில் பாடங்கள். அலுவலக வேலைக்கு ஆசைப்படுகிறவர் இரண்டாவதில் சேர்ந்தால் ஒரு பருவத்துக்குள் ஊருக்குத் திரும்பிவிடுவார். மக்களோடு வாழ நினைப்பவர் முதலாவதில் சேர்ந்தால் எக்செல் கோப்புகளோடு காலம் போய்விடும். எது உயர்ந்தது என்ற பேச்சு வேண்டாம், எது உங்களுக்கு என்பதுதான் கேள்வி. பாடப்பட்டியலை வாங்கி வரி வரியாகப் படியுங்கள். இரண்டு ஆண்டுப் படிப்பில் நிலம், வீட்டுவசதி பற்றி ஒரு பாடம்கூட இல்லையென்றால் நான் சந்தேகப்படுவேன்.

மொழியைத் தள்ளிப்போடுவது அடுத்த தவறு. மணிலாவில் ஆங்கிலமே போதும் என்று போகிறவர்கள் அங்குள்ள பாஸ்டரோடு மட்டும் பேசிப் பழகித் திரும்பி வருவார்கள். மும்பையின் தாராவிக்குப் போகும் நம்மவர்களுக்கு வேறு சிக்கல். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் போய்க் குடியேறிய குடும்பங்கள் அங்கே ஏராளம் என்பதால் தமிழே போதும் என்று தோன்றும். டீக்கடையில் போதும்தான். மாநகராட்சி அலுவலகத்தில் மனு மராத்தியில் கிடக்கும்.

அப்புறம், வறுமையை மனம் சார்ந்த காரியமாக மட்டும் வாசிப்பது. இறையியல் வகுப்பில் வறுமையை முறிந்த உறவுகளாக விளக்குவார்கள்: மனிதனுக்கும் கடவுளுக்கும், மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே விழுந்த விரிசல். அதில் உண்மை உண்டு. ஆனால் அதோடு நின்றுவிட்டால் குடியிருப்பவரைத் திருத்தும் வேலையாக ஊழியம் சுருங்கிவிடும். வேதாகமத்தின் நெகேமியாவை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமைத்துவ வகுப்பில் அவரைத் தொடாத ஆசிரியர் இல்லை. எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, அவர் கட்டிய கதையை வாரக்கணக்கில் படிப்பார்கள். ஐந்தாம் அதிகாரத்தில் சனங்கள் வந்து, தானியத்துக்கும் வரிக்கும் நிலத்தையும் வீட்டையும் அடைமானம் வைத்தோம், பிள்ளைகளை அடிமைகளாக்குகிறோம் என்று கூக்குரலிடுகிறார்கள். வட்டி வாங்கியவர்கள் வேற்று நாட்டார் அல்ல, சொந்தச் சகோதரர்களான பிரபுக்கள். நெகேமியா அவர்களைச் சபை கூட்டிக் கேள்வி கேட்டு, நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வைக்கிறார். நகர ஊழியத்துக்கு வேண்டிய வேதப்பகுதி அதுதான். அதையே தாண்டிவிடுகிறோம்.

மணிலாவுக்கு வடகிழக்கே பயாட்டாஸ் குப்பைமேடு. அங்கே வேலை செய்த வின்சென்ஷியன் சபைப் பாதிரியார் நொர்பெர்ட்டோ கார்செல்லார், குப்பை பொறுக்கும் குடும்பங்களைச் சிறு சேமிப்புக் குழுக்களாகத் திரட்டினார். 2000 ஜூலை 10 அன்று அந்தக் குப்பை மலை சரிந்து 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிவாரணம் கொண்டுவந்தவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் பாதுகாப்பான நிலம் தேடி வாங்கும் நீண்ட வேலையில் இறங்க முடிந்தது, ஏற்கெனவே கணக்கு எழுதிப் பழகிய அந்தக் குழுக்களால்தான். பிலிப்பைன்ஸின் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியிருப்பவர்களை வெளியேற்றுமுன் 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அங்கே ஊழியம் செய்கிறவருக்கு இந்த ஒரு விதி மனப்பாடமாக இருப்பது, பல பிரசங்கக் குறிப்புகளைவிடப் பயன்படும்.

பயாட்டாஸ் குழுக்கள் இந்தியாவிலிருந்தும் கற்றுக்கொண்டன. இங்கே குடிசைவாசிகளை முன்னின்று திரட்டியவர் ஒரு தமிழர்: கோலார் தங்கவயலில் பிறந்து, தச்சு வேலை பார்த்து, பம்பாய் ஜனதா காலனியில் வாழ்ந்த ஜாக்கின் அற்புதம். பட்டம் எதுவும் இல்லை. நகராட்சி குப்பை அள்ளாதபோது காலனிப் பிள்ளைகளைத் திரட்டி, குப்பையைச் சுமந்து போய் அலுவலக வாசலிலேயே கொட்ட வைத்தவர். பக்கத்திலிருந்த அணு ஆராய்ச்சி மையத்துக்காக 1976இல் காலனியையே அகற்றினார்கள். அவரும் கூட்டாளிகளும் பிடித்துக்கொண்ட கருவி கணக்கெடுப்பு: எத்தனை வீடு, எத்தனை பேர், எத்தனை கழிப்பறை என்று குடியிருப்பவர்களே எண்ணி, அந்தத் தாளோடு அதிகாரியின் முன் உட்காருவது. 2000இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. ஆய்வேட்டுக்காகக் கேள்வித்தாளோடு போய், விடைகளை மூட்டை கட்டிக்கொண்டு வரும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நீங்கள் எடுக்கும் கணக்கின் ஒரு பிரதி, தமிழிலோ மணிலாவின் மொழியான தகாலோக்கிலோ, அந்தத் தெருவில் தங்க வேண்டும். தங்காத ஆய்வுக்கு எத்தனை மதிப்பெண் கிடைத்தாலும் எனக்கு மரியாதை இல்லை.

சென்னையில் களப்பணி செய்வோருக்கும் இது பொருந்தும். 2015 வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாறு கரைக் குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். அடுக்குமாடி வீடு கிடைத்தது. நகருக்குள் வீட்டுவேலை செய்த பெண்களுக்குத் தூரத்தாலும் பஸ் செலவாலும் வேலை போனது. அங்கே போய்ச் சுயதொழில் பயிற்சியை மட்டும் ஆரம்பிக்கிற மாணவர் பிரச்சினையைத் தவறாகப் படித்திருக்கிறார்.

உதவியையும் சுவிசேஷத்தையும் ஒரே கையால் நீட்டுவது பழைய தவறு, இன்னும் போகவில்லை. 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வகுத்த பேரிடர் நடத்தை விதிகள், அரசியல் அல்லது மத நிலைப்பாட்டை வளர்க்க உதவியைப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. கிறிஸ்தவ நிறுவனங்கள் பலவும் அதில் கையெழுத்திட்டவை. விசுவாசத்தை மறைக்கச் சொல்லவில்லை. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், கிறிஸ்துவை ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதி வாங்கும் தீர்மான அட்டை இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வேலை விஷயத்தில் பழைய நினைப்போடு இருக்காதீர்கள். படித்து முடித்தால், ஏழைப் பிள்ளைகளுக்கு நன்கொடையாளர்களைத் தேடித்தரும் பெரிய ஸ்பான்சர்ஷிப் நிறுவனம் ஒன்றில் இடம் கிடைக்கும் என்ற காலம் மாறிவிட்டது. கம்பேஷன் இன்டர்நேஷனல் 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டு வெளியேறியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கான திட்டங்கள் நின்றன. 2020 திருத்தத்துக்குப் பின், வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு நிறுவனம் இன்னொன்றுக்கு அந்தப் பணத்தை மாற்றிக் கொடுக்கவும் முடியாது. சின்ன அமைப்புகள் பல பெரிய அமைப்புகள் வழியாகவே பணம் பெற்றுவந்தன. 2024 ஜனவரியில் வேர்ல்டு விஷன் இந்தியாவின் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவே ரத்தானது. ஆகவே உள்ளூரில் பணம் திரட்டவும், கணக்கைச் சட்டப்படி வைக்கவும் சொல்லித்தராத படிப்பு இந்தியாவுக்குத் திரும்புகிறவருக்கு அரைகுறைதான்.

கடைசியாக, சான்றிதழ். ஏசியா தியலாஜிக்கல் அசோசியேஷனின் அங்கீகாரம் இறையியல் வட்டாரத்தில் செல்லும், பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் அங்கீகாரம் வேறு. வெளிநாட்டுப் பட்டத்துக்கு இங்கே சமநிலைச் சான்று தனியாக வாங்க வேண்டியிருக்கும், ஆன்லைனில் படித்தது என்றால் சிக்கல் கூடும். சேருமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அரசுத் திட்டங்களிலோ பொதுவான தொண்டு நிறுவனங்களிலோ வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால், லயோலா, மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் போன்ற இடங்களில் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலை முதலில், இறையியல் அப்புறம்.