கிட் பிராஞ்ச் போடுவது மலிவு, வளர்ப்பதுதான் செலவு

கோடில் நடக்கும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட்டில் பிராஞ்ச், அதாவது தனிக் கிளை, போட்டால் மொத்தக் கோடும் இன்னொரு நகல் ஆகிவிடும் என்று பயந்து முதன்மைக் கிளையான மெயினிலேயே எல்லா வேலையையும் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் ஒரு பிராஞ்ச் போட்டுவிட்டு, ப்ராஜெக்டுக்குள் ஒளிந்திருக்கும் டாட் கிட் ஃபோல்டரைத் திறந்து ரெஃப்ஸ், அதற்குள் ஹெட்ஸ் என்று போய்ப் பாருங்கள். வழக்கமான அமைப்பில், பிராஞ்ச் பெயரிலேயே 41 பைட்டில் ஒரு ஃபைல் இருக்கும். ஒரு கமிட்டின் (பதிவு செய்து வைத்த ஒரு மாற்றத்தின்) 40 எழுத்து அடையாளம், கூடவே வரி முடிவு, அவ்வளவுதான். (லாகின் என்று ஒரு பிராஞ்ச் இருக்கும்போது லாகின்/ஓடிபி என்று இன்னொன்று போட முடியாமல் போவதும் இதனால்தான், ஒரே பெயரில் ஃபைலும் ஃபோல்டரும் இருக்க முடியாதே.)

பலர் சறுக்குவது முதல் அடியிலேயே. புது பிராஞ்ச் நீங்கள் அப்போது எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்துதான் கிளம்பும். நேற்றைய அரைகுறை வேலையில் நின்றுகொண்டு போட்டால் அந்தக் கமிட்டுகளும் கூடவே ஒட்டிக்கொண்டு ரிவ்யூவுக்கு வந்து நிற்கும். முதலில் ஃபெட்ச் (சர்வரில் உள்ள புதியவற்றை எடுத்து வருவது), அப்புறம் ஆரிஜின்/மெயினிலிருந்து, அதாவது சர்வரில் உள்ள மெயினிலிருந்து, பிராஞ்ச். அப்படிப் போடும்போது --நோ-டிராக் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உங்கள் பிராஞ்ச் ஆரிஜின்/மெயினையே தன் அப்ஸ்ட்ரீமாக, அதாவது தான் பின்தொடரும் பிராஞ்சாக, எடுத்துக்கொள்ளும்.

மூன்று வாரம் மெர்ஜ் ஆகாமல், அதாவது மெயினோடு சேராமல், கிடக்கும் பிராஞ்ச் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். இரண்டு பக்க மாற்றங்களும் மோதும் கான்ஃபிளிக்டில் மாட்டியவர்களுக்குத் தெரியும். வேலையைத் துண்டு துண்டாக உடையுங்கள்.

ரீபேஸ் (பிராஞ்சின் கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் புதிதாக எழுதுவது) விஷயத்தில் நானே சூடுபட்டவன். இருவர் சேர்ந்து பார்த்த பிராஞ்சை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரீபேஸ் செய்து சர்வரில் இருப்பதை மேலெழுதும் --ஃபோர்ஸ் போட்டுத் தள்ளிவிட்டேன், கூட இருந்தவர் மதியம் புஷ் செய்த மூன்று கமிட் ரிமோட்டில் (சர்வரில் உள்ள பொது நகலில்) காணோம். அவர் லேப்டாப்பில் இருந்ததால் தப்பித்தேன். --ஃபோர்ஸ்-வித்-லீஸ் போட்டிருந்தால் கடைசி ஃபெட்ச்சுக்குப் பிறகு ரிமோட் நகர்ந்திருப்பதைப் பார்த்து கிட் மறுத்திருக்கும். ஆனால் உங்கள் எடிட்டர் பின்னணியில் தானாகவே ஃபெட்ச் செய்துகொண்டிருந்தால் அந்தக் காவலும் வீண்தான். இன்னொருவர் கை வைத்த பிராஞ்சை அவரிடம் சொல்லாமல் ரீபேஸ் செய்யாதீர்கள்.

பிராஞ்சை அழிப்பதில் இரண்டு டி (-d, -D) இருக்கிறது. சின்ன டி, மெர்ஜ் ஆகாத வேலை இருந்தால் மறுக்கும், பெரிய டி எதையும் கேட்காது. சிக்கல் என்னவென்றால் ஸ்குவாஷ் மெர்ஜ் செய்யும் டீம்களில், வேலை முழுதும் மெயினில் சேர்ந்த பிறகும் சின்ன டி முரண்டு பிடிக்கலாம். ஸ்குவாஷ் எல்லாக் கமிட்டையும் சேர்த்து ஒரே புதுக் கமிட் ஆக்கிவிடுவதால் பழையவை மெயினின் வரலாற்றில் இல்லை. அதனால் எல்லோருக்கும் பெரிய டி கைப்பழக்கம் ஆகிவிடுகிறது, ஒருநாள் உண்மையிலேயே மெர்ஜ் ஆகாத ஒன்றும் போய்விடுகிறது. போனால் பதறாதீர்கள், நீங்கள் நின்ற கமிட்டுகளின் பதிவைக் காட்டும் கிட் ரீஃப்லாக் அடித்து அந்தக் கமிட்டைக் கண்டுபிடித்து அதிலேயே மறுபடி ஒரு பிராஞ்ச் போட்டால் போதும். எந்தப் பிராஞ்சிலிருந்தும் எட்ட முடியாதவற்றை ரீஃப்லாக் சாதாரணமாக 30 நாள் வைத்திருக்கும், அதுவும் நீங்கள் வேலை பார்த்த அதே மெஷினில் மட்டும். ஃபோல்டரையே அழித்துவிட்டு புதிதாகக் குளோன் செய்தவர்களுக்கு அதுவும் கிடைக்காது.