ஐந்து பதிவுகளில் ஜாஸ் வரலாறு: எண்ணிக்கொண்டே கேட்பது எப்படி?

ஜாஸ் வரலாற்றைப் படித்தால் பெயர்களும் ஆண்டுகளும்தான் மிஞ்சும். காதால் பழகுவது சுலபம். கீழே உள்ள ஐந்து பதிவுகளும் 12 பார் ப்ளூஸ் (பன்னிரண்டு பாருக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும் அமைப்பு) என்ற ஒரே சட்டகத்தில் அமைந்தவை. சட்டகம் மாறாததால், வேறு எது மாறியது என்பது தானாகப் பிடிபடும்.

படி 1: எண்ணிப் பழகுங்கள்
நாலு தட்டு ஒரு பார். 12 பார் ஒரு சுற்று. கவுன்ட் பேஸி குழுவின் ‘ஒன் ஓ'க்ளாக் ஜம்ப்’ (1937) இதற்குத் தோதானது. ஆரம்பத்துப் பியானோவை விட்டுவிடுங்கள். சாக்ஸபோன் நுழையும் இடத்தில் ‘ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு, இரண்டு-இரண்டு-மூன்று-நான்கு’ என்று முதல் எண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டே போங்கள். ஐந்தாவது பாரில் கார்ட் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறுவது கேட்டால் கணக்கு சரி. பன்னிரண்டு முடிந்ததும் அடுத்த வாத்தியக்காரர் வந்துவிடுவார். ஸ்விங் காலத்துப் பெரிய பேண்ட் இது. ஆட வைப்பதுதான் அதன் வேலை.

படி 2: பின்னால் போங்கள்
கிங் ஆலிவரின் ‘டிப்பர்மவுத் ப்ளூஸ்’ (1923). அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பாணி. ஒலிப்பதிவுக்கு மைக் வராத காலம், ஒலி கரகரக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் எல்லோரும் சேர்ந்தே பின்னிப் பின்னி வாசிக்கிறார்கள்.

படி 3: இங்கே நிதானமாக உட்காருங்கள்
லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ (1928). தொடக்கத்தில் அவர் தனியே ஊதும் ட்ரம்பெட்டுக்குத் தாளக்கட்டு இல்லை, எண்ண வேண்டாம். அப்புறம் எண்ணுங்கள். கடைசிச் சுற்றில் ஒரே உச்ச ஸ்வரத்தைக் கிட்டத்தட்ட நாலு பார் பிடித்து நிற்பார். ஆலிவர் குழுவில் இரண்டாவது கார்னெட் (ட்ரம்பெட் போன்ற ஊதுகருவி) வாசித்தவர்தான், ஐந்தே வருடத்தில் பாட்டையே தன் தோளில் தூக்கிக்கொள்கிறார். ஜாஸ் தனி வாசிப்பின் கலையானது இவரால்தான் என்பேன்.

படி 4: பீபாப்
சார்லி பார்க்கரின் ‘நௌஸ் த டைம்’ (1945). ஐந்தே பேர். நியூயார்க்கின் ஹார்லெமில் நள்ளிரவுக்குப் பின் இசைக்கலைஞர்கள் தங்களுக்குள் வாசித்து வளர்த்த பாணி, ஆடுவதைவிடக் கேட்பதற்கானது. பீபாப்பில் பல பாட்டுகள் தலைதெறிக்க ஓடும், இது நடுவேகம் என்பதால் எண்ணலாம். ட்ரம்பெட் வாசிப்பவர் 19 வயது மைல்ஸ் டேவிஸ்.

படி 5: அதே மைல்ஸ், 1959
‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’. பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். முந்தைய நான்கும் அவ்வளவுக்குள் அடங்கியவை. 1948இல், ஒரு பக்கத்தில் நெடுநேரம் பிடிக்கும் எல்பி இசைத்தட்டு வந்தது. எல்பியில் வந்த ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ பத்து நிமிடத்தை நெருங்குகிறது. ஒவ்வொருவரும் எத்தனை சுற்று எடுத்துக்கொள்கிறார் என்று குறித்துப் பாருங்கள்.

இது கைவந்தபின் அதே எல்பியின் ‘ஸோ வாட்’ கேளுங்கள். ப்ளூஸ் சட்டகம் இல்லை, 32 பார். கரகரப்பிரியா ராகம் தெரிந்தவர்களுக்கு ஸ்வரங்கள் உடனே புரியும். 17ஆவது பாரில் மொத்தமும் அரை ஸ்வரம் மேலேறி, 25இல் இறங்கிவிடும்.