கேரவன் சுவரில் அலமாரி மாட்டுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கம் முடிந்ததும் வண்டியை ஓரங்கட்டி, பின்னால் இழுத்து வந்த சின்னக் கேரவனின் கதவைத் திறந்தேன். நான் மாட்டியிருந்த அலமாரி தரையில் கிடந்தது. டப்பா திறந்து ராகி மாவு கட்டில் வரைக்கும் கொட்டியிருந்தது. நான்கு ஸ்க்ரூவும் வளையாமல் அலமாரியிலேயே இருந்தன. சுவரில் நான்கு பொத்தல்கள் மட்டும்.

வீட்டுச் சுவர் என்று நினைத்ததுதான் தப்பு. வீட்டில் துளை போட்டு, பிளாஸ்டிக் கட்டை அடித்து, ஸ்க்ரூவை முறுக்கினால் செங்கல் பிடித்துக்கொள்ளும். இங்கே வெளியே அலுமினியத் தகடோ ஃபைபரோ, நடுவில் தெர்மோகோல், உள்ளே பெரும்பாலும் 3 மி.மீ. பிளைவுட். அந்த 3 மில்லிமீட்டரில் ஸ்க்ரூவின் இரண்டு புரிகூட ஒழுங்காகக் கவ்வாது. எடையைத் தாங்குவது உள்ளே மறைந்திருக்கும் சதுர டியூப் சட்டம்தான்.

அதைக் கண்டுபிடிக்க விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள், சட்டம் இருக்கும் இடத்தில் சத்தம் கெட்டியாக மாறும். இரும்பு டியூப் என்றால் காந்தம் காட்டிக்கொடுக்கும், அலுமினியத்தில் அந்த வித்தை பலிக்காது. புதிதாக வண்டி கட்டுபவர்கள், பிளைவுட் அடிப்பதற்கு முன்பே டேப்பை வைத்து அளந்து, சட்டத்தை போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள். வேண்டிய இடத்தில் சட்டம் இல்லையா? இரண்டு டியூபுக்குக் குறுக்கே 12 மி.மீ. பிளைவுட் பட்டை ஒன்றை முடுக்கி, அலமாரியை அதில் மாட்டுங்கள்.

அடுத்தது ஸ்க்ரூவின் நீளம். நீளமாக இருந்தால் பலம் என்று ஒன்றரை அங்குலம் வாங்குகிறோம். கணக்குப் போடுங்கள்: அலமாரியின் முதுகுப் பலகை 12, உள் பிளைவுட் 3, ஆக 15 மி.மீ. ஸ்க்ரூ 38. மீதி 23 மி.மீ. சுவருக்குள் போகிறது. என் வண்டியின் சட்டமோ முக்கால் அங்குலம், அதாவது 19. முனை வெளித்தகட்டைக் குத்திக்கொண்டு எட்டிப் பார்க்கும்! மழைத் தண்ணீர் அந்த வழியாக உள்ளே இறங்கி, பிளைவுட் ஊறி அடுக்கடுக்காகப் பிரியும். 25 மி.மீ. ஸ்க்ரூவே போதும், டியூபின் முன்பக்கத் தகட்டைக் கவ்வினால் காரியம் முடிந்தது. டிரில் பிட்டும் அதே மாதிரி ஓட்டை போட்டுவிடும், ஆழத்தை அளந்து அதில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். துளை போடுவதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள், பிளைவுட்டுக்குப் பின்னால் லைட் ஒயர் எங்கே ஓடுகிறது என்று வெளியே தெரியாது.

விலை குறைவு என்று, ஜிப்சம் பலகை மாட்டப் பயன்படும் கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூவை வாங்காதீர்கள். அது வளையாது, குலுக்கலில் சட்டென்று உடையும், துருவும் பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் சரி.

டபுள் டேப் மேல் சிலருக்கு அபார நம்பிக்கை. கொக்கிக்கும் சின்ன லைட்டுக்கும் ஓகே, அதுவும் இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து ஒட்டினால்தான். நல்ல ஃபோம் டேப்புக்கும் முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும். பூட்டிய வண்டிக்குள் சித்திரை வெயில் கொதிக்கும்போது பசை இளகும், அலமாரியை அதை நம்பி விட முடியாது.

கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன், இரும்புச் சட்டி எல்லாம் கீழே, சக்கரத்துக்குப் பக்கத்தில். மேலே துணியும் பிளாஸ்டிக் டப்பாவும் போதும். மேலே பாரம் கூடினால் வளைவில் வண்டி ஆடும்.

அப்புறம், போல்ட் போடும் இடத்தில் சாதா நட் வேண்டாம், உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட் போடுங்கள், குலுங்கினாலும் எளிதில் கழலாது. ஒகேனக்கல் போகிறவர்கள் பென்னாகரத்தில் டீக்கு நிறுத்தும்போது ஒரு ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே போய் ஒவ்வொன்றாகத் திருகிப் பாருங்கள். புது அலமாரியோடு நான் போன முதல் தடவை, ஆறு ஸ்க்ரூவில் இரண்டு, அரைச் சுற்று இளகியிருந்தன.