பழைய மரப்படகின் புகைக்குழாய்ப் பழுதைக் கண்டறிவது எப்படி

பினாங்கில் பழைய மர விசைப்படகு வைத்திருப்பவர்கள், என்ஜின் சூடேறியதும் தண்ணீர் பம்பைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். பம்பில் நீரைத் தள்ளும் சுழல்சக்கரமான இம்பெல்லரும் உறிஞ்சு வடிகட்டியும் நல்ல நிலையில் இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது எல்போ எனப்படும் புகைக்குழாய் வளைவு. என்ஜினைச் சுற்றிக் குளிர்வித்த கடல்நீர் அந்த வளைவில்தான் சூடான புகையோடு கலந்து, ரப்பர் ஹோஸ் வழியாகப் பின்புறம் வெளியேறுகிறது; உப்பும் கரியும் சேர்ந்து அங்கேயே உட்புறத்தைக் குறுக்கிவிடும். வெளியே பூசிய பெயின்ட் புதிதாக இருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது.

என்ஜினை இயக்கியதும் படகின் பின்புறத்தைக் கவனியுங்கள். புகையோடு தண்ணீர் விட்டுவிட்டுப் பீறிட வேண்டும். அது குறைந்து வெள்ளை ஆவி கிளம்பினால் நீரோட்டம் தடைபட்டிருக்கிறது. கறுப்புப் புகையுடன் வேகமும் குறைந்தால் புகை வெளியேறும் வழியே அடைத்திருக்கக்கூடும்.

எல்போவைக் கழற்றும் முன் என்ஜினை ஆறவிட்டு, கடல்நீர் உள்ளே வரும் வால்வை மூடுங்கள். இறுகிய போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெயை முந்தைய இரவே விடுங்கள்; பல ஆண்டு எண்ணெய் ஊறிய மரத்துக்கு அருகே தீச்சுடர் வைத்துச் சூடேற்றுவது அறிவீனம். கழற்றியபின் ஸ்க்ரூடிரைவரால் உட்சுவரைத் தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் சுத்தம் செய்வதில் பயனில்லை, மாற்றிவிடுவதே நல்லது, ஏனெனில் துரு ஊடுருவிய சுவர் வழியே கடல்நீர் சிலிண்டருக்குள் புகுந்தால் என்ஜினே பாழாகும்.

இதே விபரீதம் வேறு வழியிலும் நேரலாம். என்ஜின் பற்றாமல் ஸ்டார்ட்டரை நீண்ட நேரம் சுழற்றினால், பம்ப் தள்ளும் நீர் சைலன்சரை நிறைத்து உள்ளே திரும்பும். அப்படிச் சுழற்றும்போது கடல்நீர் வால்வை மூடி வைத்து, பற்றிய உடனே திறந்துவிடுங்கள். தாமதித்தால் இம்பெல்லர் கருகும். மேலும், நீர் கலக்கும் இடம் முழுச் சுமையோடு மிதக்கும் படகின் நீர்மட்டத்துக்கு மேல் 15 செ.மீ.க்கும் குறைவாக இருந்தால், நின்ற என்ஜினுக்குள் கடல்நீர் தானாக இழுபடாதபடி உறிஞ்சலை முறிக்கும் வால்வு அவசியம். மரம் நீர் குடித்து, கனமான என்ஜினும் மாற்றப்பட்ட படகு, கட்டியபோது மிதந்ததைவிடத் தாழ்ந்தே மிதக்கும்; ஆகவே பழைய வரைபடத்தை நம்பாமல் அளந்து பாருங்கள்.

ஹோஸை ஆறிய நிலையில் அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்கக்கூடாது. ஒவ்வொரு முனையிலும் இரண்டு துருப்பிடிக்காத கிளிப்புகள் வேண்டும். பெட்ரோல் என்ஜினாக இருப்பின் புகையிலுள்ள நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது என்பதை மறவாதீர்கள். இணைப்புகளைச் சுற்றி வெள்ளைக் காகிதம் வைத்து, படகைத் துறையிலேயே கட்டி, காற்றோட்டத்துடன் சிறிது நேரம் இயக்குங்கள். காகிதம் கறுத்த இடத்தில் புகையும், நனைந்த இடத்தில் நீரும் கசிகின்றன.