மனசுக்கு நல்லது என்று நினைத்து நாம் செய்யும் தவறுகள்

ஒரு ஜனவரி ஒன்றாம் தேதி நோட்டு ஒன்றை எடுத்துக் கட்டம் போட்டேன். ஐந்தரைக்கு எழுவது, தியானம், நடை, டைரி, இரவு பத்துக்கு மேல் போனைத் தொடாமல் இருப்பது என்று மொத்தம் ஒன்பது வரிசை. செய்தால் டிக், செய்யாவிட்டால் பெருக்கல் குறி. பதினோராம் தேதி காய்ச்சலில் படுத்தேன், மூன்று நாளுக்கு இருபத்தேழு பெருக்கல் குறிகள். அதற்கப்புறம் அந்த நோட்டைப் பார்த்தாலே எரிச்சலாக வந்தது. மனசு லேசாகட்டும் என்று ஆரம்பித்த காரியம், தினமும் கணக்குக் கேட்கும் இன்னொரு மேலதிகாரியாக வந்து உட்கார்ந்துவிட்டது.

இதை நிறைய பேர் செய்கிறோம். பழக்கம் தப்பில்லை, அதைப் பிடிக்கிற விதம்தான் தப்பு. 21 நாள் தொடர்ந்து செய்தால் பழக்கமாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜனிடம் போய் நிற்கும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-ல் எழுதினார். அந்தக் 'குறைந்தது' வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில் (2010-ல் அச்சானது) ஒரு பழக்கம் படிய ஏறத்தாழ 66 நாள் ஆனது. அதுவும் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது, நமக்கு வேண்டியது அந்த வரிதான். ஒன்பது வரிசை வேண்டாம், ஒன்றே ஒன்று போதும். அதையும் ஏற்கெனவே தினமும் செய்கிற ஒன்றின் வாலில் கட்டிவிடுங்கள், பல் தேய்த்ததும் பத்து நிமிட நடை என்கிற மாதிரி.

அடுத்தது தூக்கம். இதில்தான் நாம் செய்யும் கூத்து அதிகம்.

ராத்திரி ஒன்றரை மணி. தூக்கம் வரவில்லை. போனை எடுத்து மணி பார்க்கிறோம், இப்போது தூங்கினால்கூட நாலரை மணி நேரம்தான் என்று மனக்கணக்கு போடுகிறோம். கண்ணை இறுக மூடி, தூங்கியே தீர்வது என்று புரள்கிறோம். மறுபடி மணி பார்த்தால் இரண்டேகால், கணக்கு இப்போது மூணே முக்காலாகிவிட்டது. தூக்கத்தை இப்படித் துரத்தினால் அது ஓடத்தான் செய்யும். இன்னொரு பாதிப்பும் உண்டு. படுக்கை என்றாலே விழித்துக் கிடந்து கவலைப்படுகிற இடம் என்று மூளை பழகிக்கொள்கிறது. ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் 1972-ல் முன்வைத்த முறை இதை நேர்மாறாகப் பிடிக்கிறது: இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போ, மங்கின வெளிச்சத்தில் சுவாரசியமில்லாத எதையாவது செய், கண் சொக்கினால் மட்டும் திரும்பி வா. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் எழுகிற நேரம் ஒன்றுதான். லீவு நாளில் பன்னிரண்டு மணி வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாரம் முழுக்கச் சேர்ந்த தூக்கக் கடனை அடைப்பவர்களுக்கு (நானும் அந்தக் கட்சியில் இருந்தவன்தான்) அன்று இரவே மறுபடி தூக்கம் வராமல் போவது இதனால்தான்.

காபி விஷயமும் இதோடு சேர்ந்ததே. உடலில் சேர்ந்த கஃபீன் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி ராத்திரி பத்து மணிக்கும் உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருக்கும். தூக்கத்துக்காக மது குடிப்பது இன்னும் மோசம். சீக்கிரம் கண்ணயர வைத்துவிட்டு, பின்னிரவில் தட்டித் தட்டி எழுப்பிவிடும்.

சரி, கவலைக்கு வருவோம். 'அதைப் பத்தி நினைக்காதே' என்று மற்றவர்கள் சொல்வது போதாதென்று நாமும் நமக்கே சொல்லிக்கொள்கிறோம். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-ல் ஒரு சோதனை செய்தார். ஐந்து நிமிடம் மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஆனால் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது, நினைப்பு வந்தால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் இப்போது தாராளமாக நினைக்கலாம் என்றதும், முதலிலேயே அனுமதி கிடைத்தவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து குடிக்காதே என்ற கதை நமக்குத் தெரிந்ததுதானே. கவலையை அமுக்குவதற்குப் பதிலாக அதற்கென்று ஒரு நேரம் ஒதுக்குவது கொஞ்சம் வேலை செய்கிறது. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரை மணி. மற்ற நேரத்தில் வந்தால் ஒரு வரி குறித்துவைத்துவிட்டு 'ஆறு மணிக்குப் பார்க்கலாம்' என்று தள்ளிவிடுவது. ஆறு மணிக்கு உட்கார்ந்து பார்த்தால் பாதிக்கு மேல் சப்பென்று இருக்கும். அந்த நேரத்தைத் தூங்கப்போகும் முன்பு வைத்துவிடாதீர்கள்.

மனம்விட்டுப் பேசு என்பார்கள். பேச வேண்டும்தான். ஆனால் அதே அலுவலகச் சண்டையை, அதே வசனத்தோடு, ஒரே வாரத்தில் நான்காவது ஆளிடம் சொல்லும்போது நாம் மனதை இறக்கிவைக்கவில்லை, புண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறோம். சொல்லி முடித்ததும் கொஞ்சமாவது தெளிந்ததா, இல்லை மறுபடி ரத்தம் கொதிக்கிறதா என்று பாருங்கள், வித்தியாசம் அதிலேயே தெரியும். டைரியும் அப்படித்தான். மனதை உறுத்துவதை எழுதிப் பார்ப்பது பற்றி ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980-களில் தொடங்கிய ஆய்வுகளில் எழுதச் சொன்னது பதினைந்து, இருபது நிமிடம், மூன்று நான்கு நாள், அவ்வளவுதான். ஆயுள் முழுக்கத் தினமும் குறை எழுதச் சொல்லவில்லை.

மூட் வரட்டும், அப்புறம் நடக்கலாம், அப்புறம் நண்பனுக்கு போன் பண்ணலாம் என்று காத்திருப்பது இன்னொன்று. மனம் தளர்ந்திருக்கும்போது முதலில் காணாமல் போவதே அந்த மூட்தான். மனச்சோர்வுக்கான சிகிச்சை ஒன்றே இதைத் திருப்பிப் போட்டுத்தான் நடக்கிறது: முதலில் செய், ஆசை பின்னாடி வரும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்கிறது. அதை நினைத்து மலைக்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்புங்கள். அதற்கு மேல் போக முடியவில்லையா, அன்றைக்கு அது போதும்.

கடைசியாக, கொஞ்சம் கண்டிப்போடு சொல்ல வேண்டியது. மேலே சொன்ன எதுவும் சிகிச்சைக்கு மாற்று இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் கனத்தே கிடந்தால், பிடித்த எதிலும் ஒட்டாமல் இருந்தால், சாப்பாடும் தூக்கமும் தலைகீழானால், பழக்கத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டே மாதங்களை ஓட்டாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைந்தாலும், பி12 குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே மாதிரி சோர்ந்துபோக வைக்கும். அதை எந்தத் தியானமும் சரி செய்யாது, ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தால் பலன் தெரியவே சில வாரங்கள் ஆகலாம். நாலு நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்று நிறுத்துவதும், நன்றாகிவிட்டது என்று தோன்றிய அன்றைக்கே தூக்கிப் போடுவதும் ஒரே ரகத் தவறுதான். மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைப்பதுதான் முறை. உயிரை விட்டுவிடலாம் என்கிற நினைப்பு எட்டிப் பார்த்தால், இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. தனியாக இருக்காமல் பக்கத்தில் இருக்கிற யாரிடமாவது அதை அப்படியே சொல்லி, அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள்.