கேமிங் கம்ப்யூட்டரில் இரண்டாவது கிராஃபிக்ஸ் கார்டு: எதற்கு, எப்படி

ஒரு கிராஃபிக்ஸ் கார்டில் நொடிக்கு 60 ஃபிரேம் (படம்) வருகிறதே, இன்னொன்று போட்டால் 120 வருமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வராது. இது தெரியாமல் காசை விடுபவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு கார்டும் சேர்ந்து ஒரே கேமை ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. 2004-ல் கார்டு நிறுவனமான என்விடியா, இரண்டு கார்டை இணைக்கும் எஸ்எல்ஐ முறையைக் கொண்டுவந்தது, அடுத்த வருடம் அதன் போட்டியாளர் ஏடிஐ அதே மாதிரி கிராஸ்ஃபயரோடு வந்தது. யூடியூபில் நீங்கள் பார்க்கும் இரட்டைக் கார்டு வீடியோக்களில் பாதி அந்தக் காலத்தவை. 2021 பிறந்ததோடு எஸ்எல்ஐக்குப் புதிய டிரைவர் புரொஃபைல் (ஒவ்வொரு கேமுக்கும் வேண்டிய அமைப்பு) போடுவதை என்விடியா நிறுத்திவிட்டது. என்விடியாவின் கேமிங் கார்டுகளில் ஆர்டிஎக்ஸ் 3090 வகைக்குப் பிறகு இரண்டையும் இணைக்கும் பாலத்துக்கு இடமே கிடையாது. விண்டோஸ் கேம்கள் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் 12-ல் கேம் எழுதுபவர்களே இரண்டு கார்டையும் பயன்படுத்த வழி உண்டு, ஆனால் அப்படி எழுதிய கேம்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அப்படியென்றால் எதற்கு? இரண்டாவது கார்டுக்குத் தனியாக ஒரு வேலை கொடுப்பதற்கு. நான் பகலில் வீட்டு உள் அலங்கார வேலைகளை பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேரில் ரெண்டர் செய்கிறேன் (மாடலைப் படமாக்குகிறேன்), ராத்திரி அதே மெஷினில்தான் கேம். ஏற்கெனவே இருந்த 12 ஜிபி மெமரி கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060 கார்டோடு அதே மாதிரி இன்னொன்றைச் சேர்த்தேன். இப்போது கீழ்க் கார்டில் ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேல் கார்டில் விளையாடலாம், ரெண்டு வேலைக்கும் நடுவில் பெரிய இழுபறி இல்லை. வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கும் இது நல்ல வழி. ஓலாமா போன்ற ஏஐ சாஃப்ட்வேர்கள் மாடலைப் பிரித்து இரண்டு கார்டிலும் வைக்கும் என்பதால் 24 ஜிபியும் பயன்படும். பிளெண்டரில் அப்படி இல்லை. மெமரி கூடாது, ஒவ்வொரு கார்டிலும் முழு சீனும் (ரெண்டர் செய்யும் காட்சி) அடங்க வேண்டும், வேகம் மட்டும்தான் கூடும். கேமுக்கு என்றே வேண்டுமானால் லாஸ்லெஸ் ஸ்கேலிங் என்ற சாஃப்ட்வேர் இருக்கிறது. முதல் கார்டு கேமை ஓட்ட, இரண்டாவது கார்டு நடுவில் செருகும் ஃபிரேம்களைத் தயாரிக்கும். ஸ்ட்ரீமிங்குக்காக மட்டும் இன்னொரு கார்டு வாங்க வேண்டாம். என்விடியா கார்டில் வீடியோ என்கோட் செய்யத் தனிப் பகுதி ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது, அதுவே போதும்.

வேலை முடிவானதும் கார்டு வாங்கப் போகாதீர்கள், மதர்போர்டு மேனுவலைத் திறங்கள். பார்ப்பதற்கு நீளமாக இருக்கும் ஸ்லாட்டெல்லாம் 16 லேன் (டேட்டா போகும் பாதை) ஸ்லாட் இல்லை. என்னுடையது பி550 போர்டு. மேல் ஸ்லாட் நேராக பிராசசரோடு பேசுகிறது. அதே நீளமுள்ள கீழ் ஸ்லாட்டுக்கு போர்டிலுள்ள சிப்செட் வழியாக பிசிஐஇ 3.0-ல் (கார்டும் போர்டும் பேசும் முறை) நாலே லேன், அதாவது நொடிக்கு சுமார் 4 ஜிபி. பிளெண்டருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, சீனை ஏற்றும் நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். லாஸ்லெஸ் ஸ்கேலிங்குக்கு ஒவ்வொரு ஃபிரேமும் அந்த வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் 4கே திரையில் திணறும். அதற்கு இரண்டு ஸ்லாட்டுக்கும் எட்டெட்டு லேனாகப் பிரித்துத் தரும் போர்டு இருந்தால் நல்லது. இன்னொன்று, சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் கீழ் பிசிஐஇ ஸ்லாட் அணைந்துவிடும். மேனுவலில் அடிக்குறிப்பாகப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், தேடிப் படியுங்கள்.

அப்புறம் கரண்ட். 3060 ஒன்றுக்கு 170 வாட், இரண்டுக்கு 340. ரைசன் 5 5600 பிராசசர் 76 வாட் வரை எடுக்கும். போர்டு, ஃபேன், டிஸ்க் எல்லாம் சேர்த்தால் 470 பக்கம் வரும். கார்டுகள் ஒரு கணம் திடீரென்று அதிகம் இழுக்கும், அதனால் 750 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் தரும் பெட்டி) இருந்தால்தான் நிம்மதி. ஒவ்வொரு கார்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி கேபிள் கொடுங்கள், ஒரே கேபிளில் தொங்கும் இரண்டு முனைகளை இரண்டு கார்டுக்குப் பகிராதீர்கள். வேறு எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கேபிளைத் தொடவே தொடாதீர்கள். முனை பொருந்தினாலும் உள்ளே கம்பி வரிசை மாறியிருக்கலாம், கார்டு கருகிவிடும். வீட்டில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தாங்கும். ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து படுத்துவிடும்.

மாட்டுவது சுலபம். ஷட்டவுன் செய்து, எஸ்எம்பிஎஸ் பின்னால் உள்ள சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை ஒரு தடவை அழுத்துங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டுக் கையை உள்ளே விடுங்கள். கீழ் ஸ்லாட்டுக்கு நேரான பின்பக்கத் தகடுகள் இரண்டைக் கழற்றுங்கள். இங்கே நிதானமாகக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. போர்டின் கீழ் விளிம்பில் கேபினெட் முன்பக்கத்து யூஎஸ்பி, ஆடியோ, பவர் பட்டன் ஒயர்கள் நிமிர்ந்து நிற்கும். கார்டு அவற்றின் தலையில் உட்கார்ந்தால் பின்கள் வளைந்துவிடும். முதலில் ஒயர்களைப் படுக்கவைத்து ஓரமாக ஒதுக்குங்கள். பிறகு கார்டை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, ஸ்லாட் முனையில் இருக்கும் கொக்கி டக்கென்று விழும்வரை அழுத்துங்கள். ஸ்க்ரூ, பவர் கேபிள், முடிந்தது. பின்னால் எப்போதாவது மேல் கார்டை எடுக்க வேண்டி வந்தால் அதன் கொக்கிக்கு விரல் எட்டாது. ஐஸ் குச்சியை விட்டு அழுத்துங்கள், ஸ்க்ரூ டிரைவர் வழுக்கினால் போர்டைக் கீறிவிடும்.

சூடுதான் உண்மையான தலைவலி. கீழ்க் கார்டின் சூட்டை மேல் கார்டு அப்படியே உறிஞ்சும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்லாட் அளவு, அதாவது 2 சென்டிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். தடிமனான கார்டு வைத்திருப்பவர்கள் அளந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. எங்கள் ஊர் சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் நான் செய்வது இதுதான்: கார்டைக் கட்டுப்படுத்தும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேரில் இரண்டு கார்டின் பவர் லிமிட்டையும் 75 சதவீதத்துக்கு இறக்கிவிடுகிறேன். ரெண்டர் நேரம் கொஞ்சம்தான் கூடுகிறது, ஃபேன் சத்தம் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கிறது.

இரண்டும் என்விடியா என்றால் ஒரே டிரைவர் போதும். ஆனால் பெட்டியில் கிடக்கும் ஜிடிஎக்ஸ் 1060 போன்ற பழைய கார்டை எடுத்துப் போட நினைத்தால் யோசியுங்கள். அந்தத் தலைமுறைக்கு ஆதரவு 580 வரிசை டிரைவரோடு முடிகிறது, புதிய கார்டையும் அந்த வரிசையிலேயே நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-ஸீ சாஃப்ட்வேரைத் திறந்து லேன் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். கார்டு சும்மா இருக்கும்போது பிசிஐஇ வேகம் குறைவாகக் காட்டும், பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்திச் சுமை கொடுத்தால்தான் உண்மையான அளவு தெரியும்.

கடைசியாக வேலைப் பிரிவினை. பிளெண்டரில் பிரிஃபரன்ஸில் சிஸ்டம் பக்கம் போய் ஆப்டிக்ஸ் (என்விடியா கார்டில் ரெண்டர் செய்யும் முறை) தேர்ந்தெடுத்தால் இரண்டு கார்டும் தெரியும். விளையாடப் போகிறீர்கள் என்றால் கீழ்க் கார்டை மட்டும் டிக் செய்யுங்கள், இல்லையென்றால் இரண்டையும். மானிட்டர் கேபிள் மேல் கார்டிலேயே இருக்கட்டும். லாஸ்லெஸ் ஸ்கேலிங்குக்கு மட்டும் இது தலைகீழ்: கேபிள் இரண்டாவது கார்டில் இருக்க வேண்டும், விண்டோஸ் 11-ன் கிராஃபிக்ஸ் செட்டிங்கில் கேமுக்கு முதல் கார்டைக் குறிப்பிட வேண்டும், லாஸ்லெஸ் ஸ்கேலிங்கின் உள்ளே இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.