அரசுப் பல்கலைக்கழகமா, தனியாரா: முன்பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளிவருவதற்கு முன்பே நிகர்நிலை (டீம்டு) பல்கலைக்கழகங்களில் பொறியியல் சேர்க்கை தொடங்கிவிடுகிறது. அரசின் கலந்தாய்வோ பெரும்பாலும் ஜூலையில்தான் நடக்கிறது. இடையில், ‘சீட் போய்விடும்’ என்ற பயத்தில் கட்டும் முன்பணமே பல குடும்பங்களின் முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. ஆகவே ஒப்பிட்டுப் பார்ப்பதை அந்தப் பணம் கைமாறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

முதலில், ‘தனியார்’ என்பது எந்த வகை என்று கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைவு பெற்ற சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் கட்-ஆஃப் அடிப்படையில் கலந்தாய்வு வழியாக நிரப்பப்படுகின்றன. அவற்றுக்கு 69 விழுக்காடு இடஒதுக்கீடும் கட்டணக் குழு நிர்ணயித்த வரம்பும் உண்டு, பட்டமும் அண்ணா பல்கலைக்கழகத்தினுடையது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தானே தேர்வு நடத்தி, தானே பாடத்திட்டம் வகுத்து, தானே பட்டம் வழங்குகிறது. அங்கு சேர்ந்தால், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான ‘முதல் பட்டதாரி’ கட்டணச் சலுகை கிடையாது. சுயநிதிக் கல்லூரியில் நிர்வாகமே நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தாலும் அப்படியே. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் கலந்தாய்வில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. அவ்வழியில் சேர்பவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. அந்தத் தகுதி உள்ள பிள்ளை தனியாரில் முன்பணம் கட்டி அதைக் கைவிடுவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

அடுத்து, ஒரு நோட்டில் நான்கு ஆண்டுச் செலவையும் எழுதுங்கள்: கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதி, மெஸ், பஸ், லேப்டாப். ஆண்டுதோறும் கட்டணம் உயருமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு இடங்களுக்கும் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வித்தியாசம் என்றால் மொத்தம் 8 லட்சம். அதைக் கடனாக வாங்கி, 10 விழுக்காடு வட்டியில் பத்து ஆண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறத்தாழ 10,500 ரூபாய் ஆகும். படிக்கும் காலத்தில் சேரும் வட்டி இதில் அடங்கவில்லை.

அந்தத் தவணையைத் தாங்கும் சம்பளம் கிடைக்குமா என்பதை ஃபிளெக்ஸ் பேனரில் இருக்கும் அதிகபட்சச் சம்பளம் சொல்லாது. கல்வி நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்தும் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். இணையதளத்தில், பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும் கொடுத்த விவரங்கள் பி.டி.எஃப். கோப்பாக இருக்கின்றன. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன என்பதையெல்லாம் அதில் பார்க்கலாம். எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவதே இடைநிலைச் சம்பளம். இது நிறுவனம் முழுமைக்குமான கணக்கு என்பதால், நீங்கள் சேரும் துறைக்குத் தனியாகக் கேளுங்கள். தேசிய மதிப்பீட்டு அமைப்பான நாக் (NAAC) தரும் தரமும் நிறுவனத்துக்கே உரியது. தனித்தனிப் படிப்புக்கு என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா, எந்த ஆண்டு வரை செல்லும் என்று பாருங்கள்.

அரசு என்பதாலேயே எல்லாம் சிறப்பாக இருக்கும் என்றும் நம்பிவிட வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகமும், அதே பல்கலைக்கழகத்தின் மாவட்ட உறுப்புக் கல்லூரியும் ஒன்றல்ல; நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கும் துறைகள் அரசு நிறுவனங்களில் உண்டு. நேரில் போய்ப் பார்ப்பதற்கு ஈடு இல்லை. உறவுக்காரப் பெண்ணுடன் ஒரு தனியார் கல்லூரிக்கு வேலை நாளில் பிற்பகல் மூன்று மணிக்குப் போயிருந்தேன். வழிகாட்டியவர் காட்டிய ஆய்வகத்தில் புதிய கணினிகள் வரிசையாக இருந்தன, ஆனால் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. வெளியே டீக்கடையில் நின்ற மூன்றாம் ஆண்டு மாணவர்களோ, ஒரே பருவத்தில் ஒரு பாடத்துக்கு மூன்று ஆசிரியர்கள் மாறியதைச் சொன்னார்கள்.

என் கருத்தில், கலந்தாய்வில் விரும்பிய பிரிவு ஒரு நல்ல கல்லூரியில் கிடைக்குமானால் அதையே எடுக்க வேண்டும். கடன் வாங்காமல் கட்ட முடிகிறவர்களும் கட்டணத்தில் பெரும்பகுதியை உதவித்தொகையாகப் பெறுகிறவர்களும் நிகர்நிலையைப் பரிசீலிக்கலாம்.

முன்பணம் கட்டியே ஆக வேண்டும் என்றால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நன்கொடை வசூலைத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு அறிவிப்பின்படி அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தர வேண்டும். சேர்க்கையின் கடைசி நாளுக்குப் 15 நாட்கள் முன்பே விலகினால், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் கழித்துக்கொண்டு முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்றும், தாமதத்துக்கேற்ப அது குறையும் என்றும் அந்த அறிவிப்பு கூறுகிறது. எனவே விலகல் கடிதத்தைத் தேதியிட்டுக் கொடுத்து, அலுவலக முத்திரையுடன் ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.